திராட்சத்தோட்டத்தில் உழைத்த கைகள்

சபைச் சரித்திர வகுப்பில் நடுக்காலத் துறவு மடங்களைக் குறித்துப் போதிக்கும்போது, அம்மடங்களின் நிலவறைகளில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்த திராட்சரசப் பீப்பாய்களைப் பற்றிய பேச்சு வந்தவுடன் மாணவர் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்வதை நாம் பல ஆண்டுகளாகக் கண்டுவருகிறோம். அப்புன்னகையில் வியப்பில்லை. மதுவை விலக்குதலே கிறிஸ்தவ ஒழுக்கத்தின் முதல் அடையாளம் என்று கற்பிக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். நம் வேதாகமத் தமிழோ 'திராட்சரசம்' என்ற ஒரே சொல்லால் புளிக்காத சாற்றையும் புளித்த மதுவையும் குறிக்கிறது. நம் ஆலயங்கள் பலவற்றில் திருவிருந்தின் கிண்ணத்தில் இருப்பது புளிக்காத சாறு. துறவிகளின் பீப்பாய்களில் இருந்ததோ, ஐயத்திற்கு இடமின்றி, புளித்த மதுவே. இக்கட்டுரையிலும் அச்சொல்லை அப்பொருளிலேயே வழங்குகிறோம்.

துறவி மது அருந்தலாமா என்ற வினாவில் நம் மாணவர் பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். நமக்கு அதனினும் முக்கியமாகத் தோன்றும் வினா வேறு. அத்தோட்டங்களில் முதுகு வளைந்து உழைத்தவை யாருடைய கைகள்? அவ்வுழைப்பின் பலனில் அக்கைகளுக்குரியவர் பெற்ற பங்கு யாது?

மேற்கத்தியத் துறவறத்திற்கு அடிப்படையாய் அமைந்தது, 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மோந்தே காசினோவில் பெனடிக்டு வகுத்த மட ஒழுங்கு. அதன் 40-ஆம் அதிகாரம் பானத்தின் அளவைப் பற்றியது. அவ்வதிகாரத்தில் பெனடிக்டின் குரலில் ஒரு தயக்கம் கேட்கிறது. துறவிக்குத் திராட்சரசம் ஏற்றதன்று என்று முன்னோர் கூறியதை அவர் அறிவார். ஆயினும் தம் காலத்துத் துறவிகளை அதற்கு இணங்கச் செய்ய இயலாது என்பதையும் ஒப்புக்கொண்டு, நாளொன்றுக்கு ஆளொன்றுக்கு ஒரு 'ஹெமினா' போதும் என்று வரையறுக்கிறார். இன்றைய அளவில் அது ஏறத்தாழ கால் லிட்டர் எனப் பலர் கணிப்பர். வேலை கடினமாயிருந்தாலோ கோடை கடுமையாயிருந்தாலோ மடத்தலைவர் அதைச் சற்றுக் கூட்டிக் கொடுக்கலாம். விலகியிருக்கும் பலத்தைத் தேவன் யாருக்கு அருளினாரோ அவர்களுக்குத் தனிப் பலன் உண்டு என்றும் அவர் சேர்த்துக் கூறுகிறார். இது கண்டிப்பும் கனிவும் கலந்த ஒரு மேய்ப்பனின் எழுத்து.

அவ்வொழுங்கின் வேறு மூன்று இடங்களும் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. 48-ஆம் அதிகாரம் கையுழைப்பைத் துறவு வாழ்வின் உயிர்நாடியாக்குகிறது. தம் கைகளின் பிரயாசத்தால் பிழைப்பவரே மெய்யான துறவிகள் என்பது அதன் கருத்து. 31-ஆம் அதிகாரம், பண்டசாலைப் பொறுப்பாளர் மடத்தின் கருவிகள் யாவற்றையும் பலிபீடத்துப் பரிசுத்த பாத்திரங்களைப்போல் பாவிக்கவேண்டும் என்கிறது. ஆகவே கவாத்துக் கத்தியும் பீப்பாயும் நற்கருணைக் கிண்ணத்தோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டன. 57-ஆம் அதிகாரமோ மடத்துப் பொருள்களை விற்கும்போது வெளியார் விற்கும் விலையைக் காட்டிலும் சற்றுக் குறைவாகவே விற்கவேண்டும் என்று விதிக்கிறது. பேராசை நுழையும் வாசல் எது என்பதைப் பெனடிக்டு நன்கறிந்திருந்தார்.

ரோமப் பேரரசு வீழ்ந்தபின் திராட்சைப் பயிரை ஐரோப்பாவில் துறவிகளே அழியாமல் காத்தனர் என்று சிலர் எழுதுவது மிகையுரை. ஆயர்களும் பிரபுக்களும் சாதாரணக் குடியானவர்களும் அதைப் பயிரிட்டே வந்தனர். அவ்வாறே, ஹோட்வில்லேர் மடத்தின் பண்டசாலைப் பொறுப்பாளராய் 1668 முதல் 1715 வரை பணியாற்றிய தோம் பெரிஞ்ஞோன் என்பவரே நுரைக்கும் ஷாம்பேன் மதுவைக் கண்டுபிடித்தார் என்பதும் கதையே. அவர் தம் மதுவில் நுரை எழாமல் தடுக்கவே பாடுபட்டார். மடங்களின் உண்மையான சிறப்பு வேறு. தனி மனிதன் இறக்கிறான், அவன் நிலம் மக்களிடையே துண்டாடப்படுகிறது. மடமோ இறப்பதில்லை. ஒரே சரிவை ஒரே சமூகம் 600 ஆண்டுகள் தொடர்ந்து பயிரிட்டு, எந்தப் பாத்தியில் கனி முந்திப் பழுக்கும், எந்தப் பாத்தியில் பனி கருக்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாய் அறிந்துகொள்ள முடிந்தது.

இதற்குச் சிறந்த சான்று பிரான்சின் பர்கண்டியில் உள்ளது. 1098-இல் மொலேம் மடத்தலைவர் ராபர்ட்டும் அவரது தோழர்களும் பெனடிக்டின் ஒழுங்கை எழுத்தின்படியே கைக்கொள்ள விரும்பி, சீத்தோ என்னும் சதுப்பு நிலத்தில் புதிய மடம் ஒன்றைத் தொடங்கினர். சிஸ்டெர்சியத் துறவற இயக்கம் பிறந்தது இவ்வாறே. ஆலயங்களின் வருமானம், தசமபாகம், பண்ணையடிமைகள் ஆகிய மூன்றும் தங்களுக்கு வேண்டாம் என்று அவர்கள் ஒதுக்கினர். பின்னர் கிளேர்வோ மடத்தின் தலைவராகிய பெர்னார்டு ஏறத்தாழ 30 பேரோடு அங்கே வந்து சேர்ந்தபின் இயக்கம் காட்டுத்தீபோல் பரவிற்று. 1153-இல் அவர் மரித்தபோது ஐரோப்பாவெங்கும் 300-க்கு மேற்பட்ட சிஸ்டெர்சிய மடங்கள் இருந்தன.

சீத்தோவின் ஈரமண் திராட்சைக்கு ஆகாது. ஆகவே 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள வூஜோ என்னும் சுண்ணாம்புச் சரிவில் தானமாகவும் விலைக்கும் பரிவர்த்தனையாகவும் துண்டு துண்டாக நிலம் சேர்த்தனர். 14-ஆம் நூற்றாண்டில் அதனைச் சுற்றி மதில் எழுந்தது. ஏறத்தாழ 50 ஹெக்டேர், அதாவது 125 ஏக்கர் அளவுள்ள அந்த அடைப்பே 'குளோ த வூஜோ'. தோட்டத்தை வேலியடைத்து, ஆலையை அமைத்த வீட்டெஜமானின் உவமையை வாசிக்கும்போதெல்லாம் நமக்கு இம்மதில் நினைவுக்கு வருவதுண்டு. ஓக் மரத்தாலான நான்கு மாபெரும் ஆலைகள் இன்றும் அங்கே நிற்கின்றன. ஒரு மரத்தின் முழு அடியே அதன் நெம்புகோல்.

அத்தோட்டத்தில் வேலை எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். பனிக்காலத்தில் விறைத்த விரல்களால் கொடியைக் கவாத்துச் செய்யவேண்டும். முதிர்ந்த கொடியை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியம் போடவேண்டும். மழை அடித்துக்கொண்டுபோன மண்ணைச் சரிவின் அடியிலிருந்து கூடைகளில் அள்ளி, முதுகில் சுமந்து மேலே கொண்டுசேர்க்க வேண்டும். பிறகு கொத்துதல், களையெடுத்தல், முட்டுக்கோல் நடுதல், தளிர் கட்டுதல். கனி பழுத்தவுடன் ஒரு நாளும் தாமதியாமல் அறுத்து, மிதித்து, ஆலையிலிட்டுப் பிழிந்து, புளிக்கும் சாற்றை இரவும் பகலும் காத்திருத்தல். நாளொன்றுக்கு ஏழு தடவையும் நள்ளிரவில் ஒரு தடவையும் ஆலயத்தில் கூடிச் சங்கீதம் பாடவேண்டிய துறவிகள், பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் இவ்வளவு வேலையை எப்படிச் செய்திருக்க முடியும்?

அவர்கள் முழுவதும் செய்யவில்லை. இங்கேதான் 'கான்வெர்சி' எனப்பட்ட உழைப்புச் சகோதரர்களைச் சந்திக்கிறோம். இவர்களும் கீழ்ப்படிதலுக்குப் பொருத்தனை செய்தவர்களே, மடத்தின் மெய்யான அங்கங்களே. ஆயினும் பாடற்குழுத் துறவிகள் முகம் மழித்திருக்க, இவர்கள் தாடி வளர்த்தனர். உணவுக்கூடம் வேறு, உறங்கும் கூடம் வேறு. ஆலயத்தில் இவர்களுக்குரிய இடம் மேற்குப் பகுதியில், தடுப்புச் சுவருக்கு அப்பால். மடத்தலைவரைத் தெரிந்துகொள்வதில் இவர்களுக்கு வாக்கில்லை. இவர்கள் கையில் புத்தகம் இருக்கலாகாது என்றும், கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், 51-ஆம் சங்கீதம் போன்ற சிலவற்றை மாத்திரம் செவிவழி மனப்பாடம் செய்யவேண்டும் என்றும் விதி இருந்தது. உழைப்புச் சகோதரனாய் வந்தவன் பின்னர் துறவியாக உயரவும் வழியில்லை. மடத்துக்கு வெளியேயிருந்த பண்ணைகளில் தங்கி வேலைசெய்தவர்கள் இவர்களே. வூஜோவின் கட்டடங்களும் முதன்முதல் இத்தகைய பண்ணையாகவே எழுந்தன.

சட்டத்தின் மொழி இவ்விஷயத்தில் நமக்கு ஒரு வெளிச்சம் தருகிறது. 1132-இல் போப்பு இரண்டாம் இன்னோசென்ட், சிஸ்டெர்சியர் தாங்களே பயிரிடும் நிலங்களுக்குத் தசமபாகம் செலுத்தத் தேவையில்லை என்று சலுகை அளித்தார். அக்காலச் சலுகைப் பத்திரங்களில் இந்நிலங்களைக் குறிக்கும் வழக்கமான தொடர், 'சொந்தக் கைகளாலோ சொந்தச் செலவிலோ' பயிரிடப்படுபவை என்ற பொருளுடையது. இவ்விரண்டும் ஒன்றன்று. 'கைகள்' என்பது பெனடிக்டின் சொல். 'செலவு' என்பது நிலவுடைமையாளனின் சொல். தசமபாகத்தை வாங்க மறுத்துத் தொடங்கிய இயக்கம், அதைக் கொடுக்காமலிருக்கும் உரிமையால் செல்வம் பெற்றது. அண்டைக் குருமாரின் முறையீடு பெருகவே, 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், இனி வாங்கும் நிலங்களுக்குத் தசமபாகம் செலுத்தியே ஆகவேண்டும் என்று கட்டுப்படுத்திற்று.

உழைப்புச் சகோதரர் யாவரும் மனத்தாங்கலோடு வாழ்ந்தனர் என்று எழுதுவது நியாயமாகாது. பஞ்சமும் போரும் மலிந்த நாளில் உறுதியான உணவும், நோயில் பராமரிப்பும், மரித்தபின் ஜெபமும் கிடைக்கப் பெற்றதற்காக நன்றியோடு வாழ்ந்தவர் அநேகர். ஆயினும் கிளர்ச்சிகளும் எழுந்தன. ஹைடல்பர்க் நகருக்கு அருகிலிருந்த ஷோனாவ் மடத்தில் 12-ஆம் நூற்றாண்டில் நடந்த ஒன்று குறிப்பிடத்தக்கது. துறவிகளுக்கு மாத்திரம் புதுப் பாதரட்சைகள் வழங்கப்பட்டு, தங்களுக்கு இல்லையென்றான போது, உழைப்புச் சகோதரர் அப்பாதரட்சைகளைக் கிழித்துப்போட இரகசியமாய்த் திட்டமிட்டனர். இதை எழுதிவைத்த ஏபர்பாக் கொன்ராடு, கலகத் தலைவன் திடீரென்று மாண்டதைத் தேவ நியாயத்தீர்ப்பாகவே காட்டுகிறார். அவர் துறவிகளின் பக்கம் நின்று எழுதியவர். சகோதரர்களின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட நூல் இல்லை. எழுத்து அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லையே!

பானத்தின் காரியமும் அப்படியே. பண்ணைகளில் திராட்சரசம் அருந்தலாகாது என்று சிஸ்டெர்சியப் பொதுச்சங்கம் 12-ஆம் நூற்றாண்டில் விதித்தது. அதை நடைமுறைப்படுத்தப் போய்ச் சில மடங்களில் கலகம் மூண்டது. மடத்தின் மேசையில் துறவிக்குரிய அளவு இருந்தது. தோட்டத்தில் அதை விளைவித்தவனுக்கு விலக்கு இருந்தது. இதனோடு மற்றொன்றையும் சேர்த்து நோக்கவேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் மேற்கத்தியச் சபையெங்கும் சாதாரண விசுவாசிகளுக்குத் திருவிருந்தின் கிண்ணம் கொடுக்கும் வழக்கம் மறைந்துகொண்டு வந்தது. சிஸ்டெர்சியரும் அந்நூற்றாண்டில் பீடத்தில் பணிசெய்வோர் நீங்கலாக மற்றவர்க்குக் கிண்ணத்தை நிறுத்தினர். முடிவில் 1415-இல் கான்ஸ்டன்ஸ் சங்கம் அவ்வழக்கத்தைச் சட்டமாக்கியது. அச்சங்கமே அதே ஆண்டில் ஜான் ஹஸ்ஸை அக்கினிக்கு ஒப்புக்கொடுத்தது என்பதை நம் வாசகர் அறிவர். ஆக, நற்கருணைக்காகவே துறவிகள் திராட்சை பயிரிட்டனர் என்று பக்தியோடு கூறப்படும் காரணம் முழு உண்மையாகாது. பீடத்திற்குத் தேவைப்பட்டது சொற்பம். அன்றாட உணவுக்கும் நோயாளிக்கும் விருந்தினருக்கும் வேண்டியது அதனினும் அதிகம். எஞ்சிய பெருவிளைச்சல் சந்தைக்குச் சென்றது.

கன்னியர் மடங்களும் இதில் பின்தங்கவில்லை. சிஸ்டெர்சியப் பெண் துறவிகளின் முதல் மடம் 1125-ஐ ஒட்டிப் பர்கண்டியில் தார் என்னுமிடத்தில் நிறுவப்பட்டது. அதன் வழியில் தோன்றிய 18 மடங்களின் தலைவியர் ஆண்டுதோறும் தாரில் கூடி ஆலோசித்தனர். பெண்கள் கூடி நடத்திய திருச்சபைச் சங்கம் என்றே அதைச் சொல்லலாம். நம் பேராயங்களில் இன்றும் இதற்கு ஒப்பானது அரிது. அக்கன்னியர் 1141-இல் மோரே கிராமத்தில் ஏழரை ஹெக்டேர் அளவுள்ள ஒரு திராட்சத்தோட்டத்தை வாங்கினர். 'குளோ த தார்' என்று இன்றும் அவர்கள் மடத்தின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. 1623-இல் மடம் சீர்திருத்தப்பட்டு திஜோன் நகருக்கு மாறியபின்னும் தோட்டம் அவர்கள் கையைவிட்டுப் போகவில்லை. 650 ஆண்டுகள் ஒரே பெண்கள் சமூகம் ஒரு நிலத்தை ஆண்டது சாதாரணச் செய்தியன்று. ஆனால் அடைப்பு விதிக்குட்பட்ட அக்கன்னியர் கொடிவரிசைகளில் இறங்கி வேலைசெய்திருப்பர் என்று எண்ணலாகாது. அவர்கள் கணக்குப் பார்த்தனர், ஒப்பந்தம் செய்தனர், ஆட்களை அமர்த்தினர். மண்ணைச் சுமந்தவர்கள் பெயரின்றி மறைந்தனர்.

ஜெர்மனியின் ரைன் நதிக்கரையில் 1136-இல் கிளேர்வோவிலிருந்து வந்த துறவிகள் நிறுவிய ஏபர்பாக் மடமோ, வாணிபத்தில் யாவரையும் விஞ்சியது. அதன் சொந்தப் படகுகள் திராட்சரசத்தைக் கொலோன் நகரச் சந்தைக்குக் கொண்டுசென்றன. வழியிலுள்ள சுங்கச்சாவடிகள் பலவற்றில் அவற்றுக்கு வரியில்லை. வெளியாரைவிடக் குறைந்த விலைக்கு விற்கவேண்டும் என்ற பெனடிக்டின் விதி இதனால் எளிதாகவே நிறைவேறியிருக்கும். வரி செலுத்திய வெளியாரோ அவ்விலைக்கு விற்றுப் பிழைக்க முடியாது. இதற்கிடையில் பர்கண்டியின் சரக்கு அவிஞ்ஞோன் நகரில் போப்புமாரின் அரண்மனைக்கு ஏறிற்று. கர்தினால்மார் ரோமுக்குத் திரும்ப மனமற்றிருப்பதற்குப் பர்கண்டித் திராட்சரசமும் ஒரு காரணம் என்று கவிஞர் பெத்ரார்க்கா 1366-இல் போப்பு ஐந்தாம் உர்பானுக்கு எழுதி ஏளனம் செய்தார். சீத்தோவின் தலைவர் ழான் த புசியேர் வூஜோவின் பீப்பாய்கள் 30-ஐப் போப்பு பதினொன்றாம் கிரகோரிக்கு அனுப்பிவைத்தார் என்றும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அவர் 1375-இல் கர்தினாலானார் என்பது மட்டும் சரித்திரம்.

14-ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோய்க்குப்பின் உழைப்புச் சகோதரர் தொகை வெகுவாய்க் குறைந்தது. குத்தகையாளரும் கூலியாட்களும் அவர்கள் இடத்தை நிரப்பினர். சொந்தக் கைகள் போய்ச் சொந்தச் செலவு மாத்திரம் எஞ்சியது. ஏபர்பாக் மடத்தார் 1500-ஐ ஒட்டி ஏறத்தாழ 70,000 லிட்டர் கொள்ளும் ஒரு ராட்சதப் பீப்பாயைச் செய்துவைத்தனர். 1525-இல் குடியானவர் போர் மூண்டபோது ரைன்கௌ நாட்டுக் கிளர்ச்சிக்காரர் மடத்தருகே பாளயமிறங்கி அப்பீப்பாயின் பெரும்பகுதியைக் குடித்துத் தீர்த்தனர். சரித்திர நூல்கள் இதை வேடிக்கைக் கதையாகவே சொல்லிச் செல்கின்றன. நமக்கோ சிரிப்பு வருவதில்லை. தலைமுறைகளாய்த் தங்கள் மக்கள் விளைவித்ததை அன்றுதான் அவர்களில் பலர் முதன்முறை சுவைத்திருக்கக்கூடும். சில வாரங்களுக்குள் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. லூத்தர் அவ்வாண்டில் குடியானவருக்கு எதிராக எழுதிய கடுஞ்சொற்கள் சீர்திருத்தச் சபைகளாகிய நமக்கு இன்றும் ஒரு வடு.

லூத்தரின் பெயர் வந்தமையால் அவர் மனைவியைக் குறித்தும் ஒரு வார்த்தை. கத்தரீனாள் வான் போரா, நிம்ப்ஷன் என்னும் சிஸ்டெர்சியக் கன்னியர் மடத்திலிருந்து 1523-ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் பண்டிகையை ஒட்டித் தப்பி வந்தவர். விட்டன்பர்க்கில், முன்னர் அகுஸ்தீனிய மடமாயிருந்த வீட்டில், அவர் தோட்டம் போட்டு, கால்நடை வளர்த்து, பார்லி மது காய்ச்சி, கணவனையும் பிள்ளைகளையும் எண்ணற்ற மாணவர்களையும் போஷித்தார். மடத்தை மறுத்து வெளியேறியவரின் இல்லத்தில் மடத்தின் பொருளாதாரம் மறுபடியும் தழைத்தது. இம்முறை வீட்டுத் தலைவியின் கைகளும் மண்ணில் இருந்தன.

முடிவு விரைவாக வந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் மடங்களின் சொத்துக்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. குளோ த வூஜோவும் குளோ த தாரும் 1791-இல் ஏலத்தில் விற்கப்பட்டன. ஏபர்பாக் 1803-இல் மூடப்பட்டது. இன்று வூஜோவின் மதிலுக்குள் ஏறத்தாழ 80 உரிமையாளர். அப்பகுதியின் தோட்டத் துண்டுகள் யாவற்றையும் 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. வறுமைப் பொருத்தனை செய்தோரின் தோட்டங்களில் இன்று விளையும் ஒரு புட்டியின் விலையைக் கேட்டால் நம் குருமார் திகைப்பர். ஏபர்பாக்கில் உழைப்புச் சகோதரர் உணவருந்திய நீண்ட கூடத்தில் இப்போது பழைய திராட்சை ஆலைகள் வரிசையாய் வைக்கப்பட்டிருக்கின்றன. உண்டவரின் பெயர்கள் இல்லை. அவர்கள் நெம்பிய மரங்களைப் போன்றவை மாத்திரம் உள்ளன.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தையொட்டி, 1965-இல் சிஸ்டெர்சியரின் கண்டிப்பான பிரிவாகிய திராப்பிஸ்டுகள், பாடற்குழுத் துறவி, உழைப்புச் சகோதரர் என்ற வேற்றுமையை ஆண் பெண் மடங்கள் இரண்டிலும் நீக்கினர். சீத்தோவின் தொடக்க நாட்களிலிருந்து ஏறத்தாழ 850 ஆண்டுகள் நிலைத்த பிரிவினை அது. கிண்ணத்தை அனைவருக்கும் வழங்கும் வழியையும் அதே சங்கம் 1963-இல் ஓரளவு திறந்துவிட்டது. ரோமுக்கு வடக்கே வித்தோர்க்கியானோவில் 1957-இல் குடியேறிய திராப்பிஸ்டுக் கன்னியர் இம்மாற்றத்தை அனுபவித்த தலைமுறையினர். கிறிஸ்தவ ஒருமைப்பாட்டுக்காகத் தன் வாழ்வை ஒப்புக்கொடுத்து 1939-இல் மரித்த இளம் கன்னியாகிய மரியா கபிரியேல்லாவின் சமூகம் இதுவே. அங்கே ஒரு சிறு திராட்சத்தோட்டம் உண்டு. திரெப்பியானோ, மால்வாசியா, வெர்திக்கியோ என்னும் வெள்ளைத் திராட்சை வகைகள் அதில் வளர்கின்றன. இரசாயன மருந்து தெளிப்பதில்லை. விடியுமுன் எழுந்து சங்கீதம் பாடும் சகோதரிகளே பனிக்காலத்தில் கத்தியெடுத்துக் கொடிகளைக் கவாத்துச் செய்கின்றனர், தளிர் கட்டுகின்றனர், கனி பறிக்கின்றனர். விற்றுவரும் பணம் மடத்தின் பிழைப்புக்கு உதவுகிறது. புட்டியின்மேல் ஒட்டியிருக்கும் பெயர் 'கொயினோபியும்'. பொதுவாழ்வு என்பது அதன் பொருள்.